நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கணும், ஒன்பது நாளாகப் பஞ்சாயத்து முடியவில்லை

இட்லிக்கடை அக்கா (ரங்கூன், தாமுவே):

எல்லாருக்கும் வணக்கம். நாய்க்குட்டிக்கு ஒரு பேர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பேர் வைத்தபோதுகூட இவ்வளவு சண்டை நடக்கவில்லை.

முந்தின சனிக்கிழமை, விடிகிற நேரத்தில் நல்ல மழை. இட்லிச் சட்டிக்கு அடுப்பு மூட்டலாம் என்று போனால், தள்ளுவண்டிக்கு அடியில் மாவு வாளியை ஒட்டி ஒரு கரிக்கட்டை அசைந்தது. கையில் தூக்கிப் பார்த்தால் நாய்க்குட்டி. முழுக்கக் கறுப்பு, வலது முன்காலில் மட்டும் ஒரு விரல் வெள்ளை, சுண்ணாம்பில் தொட்டு எடுத்த மாதிரி. தாய் வரும் என்று மத்தியானம் வரை அங்கேயே விட்டு வைத்தேன். வரவில்லை. அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்துவிட்டது.

சின்னவள் அன்றைக்கே ‘மணி’ என்று வைத்துவிட்டாள். நல்ல பேர்தான். ஆனால் எங்கள் அய்யா பேரிலும் மணி இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, அப்பத்தா இன்னும் அந்த எழுத்தை வாயில் எடுப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ‘நேரம் என்னாச்சு’ என்பாரே தவிர மணி என்ன என்று கேட்க மாட்டார். அவர் முன்னால் நாயை ‘டேய் மணி’ என்று விரட்ட முடியுமா? சின்னவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அது வேண்டாம் என்று.

வீட்டுக்காரர் ‘ராஜா’ என்றார். பக்கத்து வீட்டு அப்வா, பர்மாக்காரப் பாட்டி, அவருக்கு ‘ர’ வராது. ரங்கூனே அவர்கள் வாயில் யாங்கோன் ஆன ஊர் இது. ராஜா ‘யாஸா’ ஆகிவிட்டான். பெரியவன் ‘டைகர்’ என்றான். தெருவில் ஏற்கெனவே மூன்று டைகர் உண்டு, ஒரு டைகருக்கு மூன்று கால்.

இப்போது அப்வாவின் பஞ்சாயத்து. நாய் எந்தக் கிழமை பிறந்தது என்று கேட்டார். பிறந்தது தெரியாது, வந்தது சனிக்கிழமை என்றேன். ‘சனி என்றால் த, ந எழுத்தில்தான் வைக்க வேண்டும், வேறு எழுத்து வைத்தால் அதற்கு ஆகாது’ என்கிறார். உங்களுக்குத் தெரிந்த கதைதான்: திங்களுக்கு க, செவ்வாய்க்கு ச, வியாழனுக்கு ப, ம, ஞாயிறுக்கு அ. ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் கிழமைக்கு ஒரு மூலை இருக்கிறதே, சனி மூலையில் நாகம், வியாழன் மூலையில் எலி, அந்தக் கணக்கு. நம் ஐயர் அசுவினிக்கு சு, சே, சோ, லா என்று நட்சத்திரத்துக்கு எழுத்து சொல்வார். அவர்கள் கிழமைக்குச் சொல்கிறார்கள். இதுவரை சரி. நாய்க்குமா?

அவர் வைத்திருக்கும் பேர் ‘நெ ஜோ’. நெ என்றால் கறுப்பு. இங்கே கறுப்பு நாய் என்றால் பாதி பேர் ‘அவுங் நெ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது அ எழுத்து, ஞாயிறு, ஆகாது என்று மாற்றி யோசித்து வைத்திருக்கிறார். பாவம், அன்பாகத்தான் செய்கிறார், தினமும் மீன் தலை கொண்டு வருகிறார்.

எனக்கு வேண்டியது: தமிழ்ப் பேர், அப்பத்தா வாயில் வர வேண்டும், அப்வா வாயில் உடையக் கூடாது. நீங்கள் எல்லாம் எப்படி வைத்தீர்கள்?


மோல்மேன் பூனைக்காரன்:

அக்கா, பர்மியப் பேரும் தமிழ்க் காதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

எங்கள் பூனை மஞ்சள் நிறம். அதனால் ‘ஷ்வே வா’, தங்க மஞ்சள். ஊரில் மஞ்சள் பூனைக்கெல்லாம் அதே பேர். ஆனால் என் அம்மா காதில் அது ‘ஷ்வே, வா!’ கூப்பிட்டதும் பேரிலேயே முடிந்துவிடுகிறது. கோபத்தில் ‘ஷ்வே வா, அங்கிட்டுப் போ’ என்பார். பூனை வருவதா போவதா என்று நடுவாசலில் நிற்கும்.

இதைவிட மோசம் எதிர்வீடு. அவர்கள் பெண் நாய்க்கு ‘போ போ’ என்று பேர். பர்மியர் பெண் பிள்ளைகளுக்கே வைக்கிற பேர்தான். அது எங்கள் வாசலில் கருவாட்டை மோந்து பார்க்கும்போது அம்மா ‘போ, போ!’ என்று விரட்டினால், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிடும். ஒரு தடவை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ‘போ போ போ போ’ என்று கத்தியிருக்கிறார். நாய்க்கு அன்றைக்குப் பிறந்தநாள் மாதிரி.

பூனைக்குப் பேர் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 2019-இல் தோக்கியோவில் சோஃபியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே நீளத்தில் வேறு சொற்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் பூனையின் பேரைச் சொன்னால் காது திரும்புகிறது, தலை திரும்புகிறது. ஆக அதற்குத் தெரியும். வருவது அதன் இஷ்டம்.


சும்மா இருப்பவன்:

ஜிம்மி என்று வைத்துவிட்டுப் போங்களேன். ஒன்பது நாளா?


இட்லிக்கடை அக்கா:

@சும்மா இருப்பவன்: பேர் பொருத்தமாக வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு.


மாடிவீட்டு ஆள் (ரங்கூன்):

நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். எங்கள் குட்டி வீட்டுக்கு வந்த நிமிஷத்தில் கரண்டு வந்தது. ஆறு மணி நேரம் கழித்து. சந்தோஷத்தில் ‘மீ லா’ என்று பேர் வைத்தோம், பர்மியத்தில் கரண்டு வருது என்று அர்த்தம்.

இப்போது கரண்டு வரும்போதெல்லாம் தெரு முழுக்க, எட்டு மாடியிலும், ‘மீ லா ப்யீ!’ என்று கத்துகிறார்களா, இவள் காதில் முன்னூறு பேர் தன்னைக் கூப்பிடுகிறார்கள். பால்கனிக்கு ஓடுகிறாள், வாசலுக்கு ஓடுகிறாள், எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் குரைத்துத் தள்ளுகிறாள். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் தெருவில் தினமும் காதில் விழுகிற சொல் வேண்டாம். வீட்டு ஆட்கள் பேருக்குப் பக்கத்தில் வருகிற பேரும் வேண்டாம். இரண்டே அசை இருந்தால் போதும், தொண்டை கிழியாமல் கத்த வரும்.


பெகு பால்காரர் மகன்:

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பால்மாடு வைத்திருக்கிறோம். பேர் வைக்க உட்கார்ந்து யோசித்ததே இல்லை. சாம்பல் நிறமா, மயிலை. சிவப்பா, செவலை. கறுப்பா, காரி. இரண்டு மயிலை இருந்தால் ஒன்று கொம்பு மயிலை, ஒன்று மொட்டை மயிலை. முதல் கறவை மாடு மட்டும் எப்போதும் லட்சுமி. அது செத்தால் அடுத்தது லட்சுமி ஆகும், வேலை உயர்வு மாதிரி. இப்போது இருப்பது ஐந்தாவது லட்சுமி. உதைப்பாள்.

உங்கள் குட்டிக்குக் காரி என்று வையுங்கள். அப்பா பக்கத்தில் இருந்து சொல்கிறார், நான் தட்டுகிறேன்: காரி என்றால் கறுப்பு மட்டும் இல்லை, சனிக்கும் காரி என்று பேர் உண்டு, சனிக்கிழமையைக் காரிக்கிழமை என்று எழுதுகிறவர்களும் உண்டு. குட்டி வந்ததே சனிக்கிழமை. நாய் பைரவர் வாகனம், அவருக்கும் சனிக்கிழமை விளக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்வா கேட்ட கிழமைப் பொருத்தம் வேறு வழியில் வந்துவிட்டது, பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லச் சொல்கிறார். சங்க காலத்தில் மலையமான் காரி என்ற வள்ளலின் குதிரைக்கும் காரி என்றே பேர். அவனோடு சண்டை போட்ட கொல்லிமலை ஓரியின் குதிரைக்கும் ஓரிதான். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பேர். அதனால் ‘மனுஷன் பேரை மிருகத்துக்கு வைக்கலாமா’ என்று உங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். (அய்யா பேர் விஷயத்தில் மட்டும் சொல்லாதீர்கள். அது வேறு.)


இட்லிக்கடை அக்கா:

பெகு தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். ‘எங்கப்பாரு வீட்டுல ஒரு காரிக் கிடாரி நின்னுச்சு’ என்று ஆரம்பித்து, அந்த மாட்டின் சுழி, கன்று, அதை விற்ற அன்றைக்கு யார் யார் அழுதார்கள் என்று ராத்திரி பத்து வரைக்கும் பேசினார். ஆக, அந்த ஓட்டு விழுந்துவிட்டது. குட்டியும் ‘காரி’ என்றால் தலையைச் சாய்க்கிறது. (இட்லிச் சட்டி மூடியைத் திறக்கிற சத்தத்துக்கு இன்னும் வேகமாகச் சாய்க்கிறது, அதை விடுங்கள்.)

சிக்கல் அப்வாதான். ‘ரி’ அவர் வாயில் ‘யீ’. காரி என்று நான் சொன்னதை அவர் ‘கயீ’ என்று வாங்கிக்கொண்டார். கயீ என்றால் பர்மியத்தில் பயணம்! ‘நாய்க்குப் போய்ப் பயணம் என்று பேர் வைப்பார்களா? ஒரு நாள் கிளம்பிப் போய்விடும் பார்’ என்று நிஜமாகவே முகம் வாடிப் போனார். அது மட்டுமா, க எழுத்து திங்களுக்கு உரியதாம். மீன் தலையைக் கீழே வைத்துவிட்டு ‘நெ ஜோ, நெ ஜோ’ என்று கொஞ்சிவிட்டுப் போனார். அதற்கும் இது தலையைச் சாய்க்கிறது, துரோகி.


மோல்மேன் பூனைக்காரன்:

சாய்க்கட்டுமே அக்கா. நம்மில் யாருக்கு ஒரே பேர்? வீட்டில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. நாய்க்கு மட்டும் எதற்குக் கஞ்சத்தனம்?


இட்லிக்கடை அக்கா:

சிரித்துவிட்டேன் தம்பி. என் பள்ளிக்கூடப் பேர் தெரியுமா? ‘மா ஏ ஏ’. ஏ என்றால் அவர்களுக்குக் குளிர்ச்சி, அமைதி, அழகான பேர். எங்கள் அப்பா அதைக் கேட்டுவிட்டு, ‘ஏ, ஏய்னு கூப்புடத்தான் நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே, அதுக்கு ஒரு பள்ளிக்கூடமா’ என்றார். முதல் நாள் டீச்சரம்மா மூன்று தடவை ‘மா ஏ ஏ’ என்று கூப்பிட்டும் நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று. பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தேன். இப்போது என் அடையாள அட்டையில் இருப்பது அந்தப் பேர்தான்.

சரி, அப்படியே வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் காரி, அப்வா வாசலில் நெ ஜோ.


சும்மா இருப்பவன்:

ரங்கூன் இன்செயினில் ஒரு வெள்ளை யானைக்கு ரதிமாலா என்று பேர் வைத்தார்கள். அது மாதிரி நாலு எழுத்தில் கம்பீரமாக ஒன்று வைத்திருக்கலாம். ஜிம்மி வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன்.


இட்லிக்கடை அக்கா (ஐந்து வாரம் கழித்து):

என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும் என்றார்கள், வெறிநாய் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனோம். நான், சின்னவள், விடாமல் கூடவே வந்த அப்வா. கூடைக்குள் இவன்.

வாசலில் சீட்டு எழுதுகிற பையன் பேர் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்வா ‘நெ ஜோ’ என்று சொல்லிவிட்டார். ஆண் என்று பார்த்துவிட்டு அந்தப் பையன் விளையாட்டாக முன்னால் ஒரு ‘மவுங்’ சேர்த்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி எழுதினான். அட்டை இப்போது என் கையில் இருக்கிறது, நீல மையில் வட்ட வட்டமாக அழகான கையெழுத்து.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு முயல், இரண்டு பூனை, கழுத்தில் மணி கட்டிய ஒரு வெள்ளை நாய். அந்த மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது: ‘மவுங் நெ ஜோ!’

இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘மவுங் நெ ஜோ!’ மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்வாவும் சேர்ந்து கூப்பிட்டுப் பார்த்தார். கையில் மீன் தலை இல்லையே, அசையவில்லை. சின்னவள் குனிந்து கூடைக்குள் முழங்கையால் மெல்ல இடித்து, ‘காரி, உன்னத்தாண்டா’ என்றாள்.

எழுந்தான்.