பழைய ஜென் காரில் மைலேஜ் குறைந்துகொண்டே வருகிறது: எதை முதலில் பார்க்க வேண்டும்?

வள்ளியூரான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004ஆம் ஆண்டு மாருதி ஜென் பெட்ரோல் கார் இருக்கிறது. 993 சிசி, எம்.பி.எஃப்.ஐ. இஞ்சின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. பதினைந்து ஆண்டுகள் முடிந்தபின் பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்து, எஃப்.சி. தவறாமல் காட்டி ஓட்டிவருகிறேன். வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருவது பெரும்பாலும் இந்த வண்டியில்தான். முன்பு லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, கடந்த ஓராண்டாகக் குறைந்துகொண்டே வந்து இப்போது 12இல் நிற்கிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் இந்த வித்தியாசம் மாதச் செலவில் நன்றாகவே தெரிகிறது.

இஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. சைலன்சரில் புகை இல்லை, ஆயில் குறைவதில்லை, இழுவையும் மோசமில்லை. டயர்களைப் போன வருடம் மாற்றினேன். கம்பெனி அளவான 145/70 ஆர்13 அப்போது கடையில் இல்லாததால் 155/70 ஆர்13 போட்டார்கள். எங்கள் ஊர் ஷெட்டில் இஞ்சினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் டேங்கில் ஊற்றும் திரவம் ஒன்றைச் சிபாரிசு செய்கிறார். இன்னொருவர் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தை வாங்கச் சொல்கிறார். இந்த வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. பெரிய செலவில் இறங்குவதற்கு முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முப்பந்தல் எழுதுகிறார்:

அண்ணாச்சி, இஞ்சினில் கை வைப்பதற்கு முன் அந்த 12 என்ற எண் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் முள்ளை வைத்தோ, ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை வைத்தோ எடுத்த கணக்காக இருந்தால் அதை நம்ப முடியாது. ஒரே பெட்ரோல் பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், துப்பாக்கி தானாக ‘டக்’கென்று நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ரூபாயை முழுமையாக்குவதற்காக அதற்கு மேல் ஊற்ற விடாமல் நிறுத்திவிட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். டேங்க் கிட்டத்தட்டக் காலியாகும்போது அதே முறையில் மறுபடி நிரப்பினால், அப்போது பிடிக்கிற லிட்டரே நீங்கள் செலவழித்தது. ஒரு டேங்கை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மூன்று நான்கு டேங்குகளின் தூரத்தையும் லிட்டரையும் மொத்தமாகக் கூட்டி வகுத்தால்தான் அது உருப்படியான கணக்கு.

அந்தக் கணக்கிலும் உங்கள் டயர் ஒரு திருத்தம் கேட்கும். 145/70 ஆர்13 டயரின் விட்டம் ஏறக்குறைய 533 மில்லிமீட்டர். 155/70க்கு அது 547. ஒரு சுற்றில் வண்டி கூடுதலாக நகர்கிறது, மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் உண்மையில் 100 கிலோமீட்டர் போனால் மீட்டர் 97.4தான் காட்டும். ஆகவே மைலேஜ் இரண்டரை சதவீதம் குறைந்ததாகத் தெரிவது மீட்டரின் கணக்கு மட்டுமே. அகலமான டயர் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பது தனிக் கதை. காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் பார்த்தால் இரண்டு மூன்று பாயின்ட் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, நம் ரோட்டுக்கே உரிய காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாயில் வெறும் பழமொழி இல்லை. காற்றாலைகளை முப்பந்தலில் கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். தென்மேற்குப் பருவக் காற்று காலத்தில் நீங்கள் வேலைக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. போனதும் வந்ததும் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. நீங்கள் 70இல் போக, காற்று நேர் எதிரே 30இல் வீசினால் வண்டி சந்திப்பது 100 கிலோமீட்டர் வேகக் காற்று, திரும்பும்போது 40. இரண்டையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால், காற்றே இல்லாத நாளைவிட எதிர்ப்பு 18 சதவீதம் கூடுதல். அதனால் ஆனி, ஆடியில் எடுத்த கணக்கை மார்கழிக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

கோவைப் பட்டறை எழுதுகிறார்:

ஐயா, புகை இல்லை, ஆயில் குறையவில்லை, இழுவை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் உண்மையானால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. சந்தேகம் இருந்தால் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி மீட்டரை மாட்டிப் பார்க்கிற சின்ன வேலைதான் அது. அதைக்கூடப் பார்க்காமல் இஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டது, வெப்பம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்பது. இதுபோன்ற புகாரோடு வரும் பழைய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வு. நம் ஊரில் வண்டி ஒரு முறை சூடேறிவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியை மாட்டிவிடும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. அதன்பின் வண்டி சூடேறாது, வாடிக்கையாளருக்கும் நிம்மதி. ஆனால் இஞ்சின் வேலை செய்ய வேண்டிய வெப்பத்துக்கு வரவே வராது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கூலன்ட் சென்சார் ‘இஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கொடுப்பதைப் போலக் கூடுதல் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் இளகாமல் கெட்டியாகவே சுற்றும். உட்போகிற பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலிலேயே கலக்கும். வால்வு இருந்தும் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் இதே கதைதான். நாற்கரச் சாலையில் சீராகப் போகும்போது முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், அல்லது நகரத்துக்குள் ஏறி ரோட்டில் இறங்கினால், அந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது பிரேக். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசித் தூரத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக நிற்க விட்டு இறங்கி, நான்கு வீல் ரிம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஜாக்கி போட்டு வீலைக் கையால் சுற்றுங்கள்: லேசான உரசல் சத்தத்தோடு சில சுற்றுகள் ஓட வேண்டும், கை எடுத்ததும் நிற்கக் கூடாது. முன்னால் டிஸ்க்கில் காலிப்பர் பின் காய்ந்து இறுகிப்போயிருக்கும். பின்னால் டிரம்மில் ஹேண்ட்பிரேக் கேபிளை அளவுக்கு மேல் இழுத்து வைத்திருப்பார்கள். எஃப்.சி.க்குக் காட்டப் போகும்போது பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டுமே என்று இறுக்கிவிட்டு, பிறகு அப்படியே விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வெளியேறும் புகையில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார். வயதானால் அது மந்தமாகிவிடும். கம்ப்யூட்டர் தவறான தகவலை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். இவ்வளவு பழைய வண்டிகளில் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கக் கடையில் விற்கிற சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: இஞ்சின் நன்றாகச் சூடான பின் சென்சார் வயரில் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் கோளாறு இருக்கிறது. வெப்பம் சரியாகாமல் இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல சென்சாரையும் கெட்டது என்று தூக்கி எறிய நேரும், ஆகவே தெர்மோஸ்டாட்டை முதலில் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு சொல். கார்புரேட்டர் வண்டிகளில் அது அடைத்தால் பெட்ரோல் செலவு உண்மையிலேயே கூடும். உங்களுடையதைப் போன்ற இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றின் அளவைப் பார்த்துப் பெட்ரோலைக் கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்ளும், இழுவைதான் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் இதைச் சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறது.

வேதியியல் ஆசிரியை எழுதுகிறார்:

எத்தனாலைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். 2023 முதல் படிப்படியாக வந்த இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். கலந்து கணக்கிட்டால் கலப்பில்லாத பெட்ரோலைவிட லிட்டருக்கு சுமார் 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலும், கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றே மதிப்பிட்டிருக்கிறார்கள். நாம் அதற்கு முன்பே 10 சதவீதக் கலப்பைப் பயன்படுத்தி வந்ததால், உங்களுக்கு இப்போது புதிதாக ஏற்பட்ட இழப்பு அதில் பாதி அளவுதான் இருக்கும்.

ஆகவே 17 கொடுத்த வண்டியில் டயர் திருத்தத்தையும் எத்தனாலையும் கழித்தால் மீட்டர் கணக்கில் 16 வர வேண்டும். 16க்கும் 12க்கும் இடையே உள்ளதை எத்தனால் மேல் போட முடியாது. அது வண்டியில் இருக்கும் கோளாறு. எத்தனால் குறித்து நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது மைலேஜைவிட ரப்பர் குழாய்களைப் பற்றித்தான். இருபது ஆண்டுக்கு முந்தைய குழாய்களும் சீல்களும் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தாலோ, குழாயை அழுத்தினால் வெடிப்புத் தெரிந்தாலோ, மைலேஜுக்கு முன் அதை மாற்றுங்கள். நெருப்பு அபாயம் இருக்கிற இடம் அது.

காந்தத்தை வாங்க வேண்டாம். பெட்ரோலைக் காந்தத்தின் வழியே செலுத்துவதால் அது எரியும் விதம் மாறாது. மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் தருவதாக ஒன்றையும் அது காணவில்லை.

வள்ளியூரான் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோவைப் பட்டறை ஐயா சொன்னபடி பார்த்தேன். நாற்கரச் சாலையில் முள் கால் பங்குக்கு மேல் ஏறுவதே இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே வால்வு இல்லை, வெறும் கேஸ்கெட்தான். போன வருடம் ஊர் நெரிசலில் வண்டி சூடேறியபோது கொடுத்த ஒரு ஷெட்டில் கழற்றியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவே இல்லை. பின் இடது வீலும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தியதும் கையால் சுற்ற வருகிறது.

இரண்டு சந்தேகங்கள். இப்போது பார்க்கும் மெக்கானிக், நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை என்கிறார், அது சரியா? மேம்பாலச் சரிவுகளில் நியூட்ரலில் இறக்கிவிடுகிறேன். அதனால் பெட்ரோல் மிச்சமாகுமா?

முப்பந்தல் எழுதுகிறார்:

நியூட்ரல் பழக்கம் கார்புரேட்டர் காலத்தில் வந்தது அண்ணாச்சி. உங்கள் வண்டியில் கியரிலேயே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் கொடுத்தே தீர வேண்டும். மிச்சம் கியரில்தான், வண்டி கைக்குள் இருப்பதும் கியரில்தான். 80இல் போவதை 60, 65க்குக் குறைத்துப் பாருங்கள். வீட்டுக்குச் சில நிமிடம் தாமதமாகப் போவீர்கள், டேங்கில் தெளிவாகத் தெரியும்.

கோவைப் பட்டறை எழுதுகிறார்:

வெயில் 40 டிகிரி அடித்தாலும் இஞ்சினுக்கு வேண்டியது 80, 90 டிகிரி. வால்வு இல்லாமல் எல்லாக் கூலன்ட்டும் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடினால், ரோட்டில் அடிக்கிற காற்றுக்கு நம் ஊர் வெயில் ஒரு பொருட்டே இல்லை. தேவையில்லை என்று சொல்பவரிடம், அப்படியானால் உங்கள் முள் ஏன் கால் பங்கிலேயே நிற்கிறது என்று கேளுங்கள்.

புது வால்வை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துச் சூடாக்குங்கள். திறக்கும் வெப்பம் வால்வின் மேலேயே பொறித்திருக்கும். ஏறக்குறைய அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கி, ஆறும்போது முழுவதும் மூட வேண்டும். மாட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் சின்ன ஆடும் பின் மேல்பக்கம் வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். உங்கள் இஞ்சின் அலுமினியம். வள்ளியூர் போர் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட்டை மட்டும் நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும் வரை இஞ்சினை ஓட விட்டுக் காற்றை எடுத்துவிடுங்கள்.

ஆனால் இதை மாட்டுவதற்கு முன்னால், போன வருடம் வண்டி ஏன் சூடேறியது என்பதைக் கண்டுபிடியுங்கள். ரோட்டில் ஒன்றும் இல்லாமல் நெரிசலில் மட்டும் ஏறியது என்றால் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஃபேன் மோட்டாரோ, அதன் சுவிட்சோ, ரிலேயோ பழுதாக இருந்து, அதைப் பார்க்காமல் வால்வைக் கழற்றியிருந்தால், புது வால்வு போட்டதும் பழைய தொல்லை திரும்ப வரும். ஏசியைப் போடாமல், நின்ற இடத்தில் இஞ்சினை ஓட விட்டு, முள் நடுவைத் தாண்டும்போது ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்; சுற்றவில்லையென்றால் உடனே இஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேன் வேலையை முடித்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.