எடை குறைக்கப் பாரம் தூக்கத்தான் வேண்டுமா? இலங்கை மலையகத்து அனுபவங்கள்

கொட்டகலை, ஆசிரியை

எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் இப்போது இரண்டு கட்சி. சாப்பாட்டைக் குறைத்து நன்றாக நடந்தால் போதும், உடம்பு தானாக இறங்கும் என்கிறது ஒரு கட்சி. டம்பல் தூக்காமல் இளைக்கவே முடியாது என்கிறது மற்றது. உங்கள் உடம்பிலும் வீட்டிலும் நடந்ததைச் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்தது வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், செங்குத்து மலையில் ஏறி இறங்கி, நிறைந்த கூடையைச் சுமந்து வந்து நிறுத்துவிட்டு, அப்புறம் வீட்டு வேலையையும் பார்ப்பார். கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி அள்ளிப் போட்ட பிளேன் டீ எல்லாம் அந்த வேலைக்குச் சரியாகிப் போனது. வேலையை விட்ட பிறகு ரொட்டியின் எண்ணிக்கை மாறவில்லை. வயிறு போட்டது, சீனி வருத்தமும் வந்தது. கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அம்மா சொன்னதைச் செய்கிற ஆள். சோற்றைப் பாதியாக்கினார், ரொட்டியை நிறுத்தினார், கறியையும்கூடக் குறைத்தார். இரவுக்கு இரண்டு கிறாக்கர் பிஸ்கட்டும் டீயும்தான்.

எடை மளமளவென்று இறங்கியது. கிளினிக் கொப்பியைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கொஞ்ச காலத்தில், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் அவரால் எழும்ப முடியவில்லை. கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் பாதியிலேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். கூடையோடு ஏறின அதே ஏற்றம் அது. குறைந்த கிலோக்களில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு வேறு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ஹட்டன், ஆட்டோ ஓட்டுநர்

நான் ஒரு பாரமும் தூக்கவில்லை, டீச்சர். ஸ்டாண்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். பசி வந்தால் ரோல்ஸ், வடை, கையில் ஒரு சோடா போத்தல். எனக்கு உடம்பு வைத்ததே அதில்தான். சோடாவை நிறுத்தினேன், டீயில் சீனியை விட்டேன். ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு எங்கள் லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏறி நடக்க ஆரம்பித்தேன். காற்சட்டை தளர்ந்துபோய் டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஜிம்முக்குக் கட்ட காசும் கிடையாது, போக நேரமும் கிடையாது. என்னைப்போல ஆட்களிடம் டம்பல் இல்லாமல் முடியாது என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். முடியும்.

பதுளை, கடையில் கணக்கு எழுதுகிறவர்

எனக்கு நேர்மாறாக நடந்தது. டவுனில் உள்ள ஜிம்மில் சேர்ந்தேன். தசை வந்துவிட்டால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று அங்கே சொன்னார்கள். தோள் அகன்றது, கை உரமானது, மூட்டை தூக்கினால் இடுப்பு பிடிப்பதும் நின்றது. ஆனால் தராசு அசையவேயில்லை. ஜிம் முடிந்து வரும்போது தினம் கொத்து ரொட்டி சாப்பிடும் பழக்கம் இருந்தது. அதை விட்டு வீட்டில் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் எடை இறங்கியது. அப்படியானால் ஜிம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பண்டாரவளை, தாதி

கிளினிக்கில் எடை பார்த்து எழுதுகிறவள் நான். ஹட்டன் அண்ணன் சொன்னதும் சரி, பதுளைத் தம்பிக்கு நடந்ததும் சரி. தராசு இறங்குவதற்குப் பாரம் தூக்குவது கட்டாயமே இல்லை. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உள்ளே போனால் எடை குறையும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அரை மணி நேரம் டம்பல் தூக்கிச் செலவழிப்பது ஒரு பெரிய தேங்காய் ரொட்டிக்கே காணாது.

தூக்கத்திலும் எரியும் என்ற பேச்சுக்கும் கணக்குப் போடலாம். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கும். பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் 26 கலோரி. ஒரு பிளேன் டீயில் போடும் இரண்டு தேக்கரண்டி சீனியில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூடுதல் எடையுள்ளவர்கள் எட்டு மாதம் பயிற்சி செய்தார்கள். வேக நடையும் ஓட்டமும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. பாரம் மட்டும் தூக்கியவர்களுக்குத் தசை கூடியது, மொத்த எடை குறையவில்லை. பதுளைத் தம்பியின் கதை அப்படியே இதுதான்.

ஆனால் டீச்சர், உங்கள் அம்மாவின் விஷயம் வேறு. அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அப்படிப்பட்டவர்களைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பட்டினி கிடந்து இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகிறது. 2017இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். 65 வயதைத் தாண்டிய, உடல் பருத்த 160 பேர். சாப்பாட்டைக் குறைத்ததோடு ஒரு குழுவுக்கு நடை போன்ற பயிற்சி, ஒரு குழுவுக்குப் பாரப் பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும். மூன்று குழுவுக்கும் எடை ஒரே அளவில், ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. கொழுப்பு நீங்கிய உடல் திணிவு (தசையும் அதில்தான் சேரும்) மட்டும் நடைக் குழுவில் 5 சதவீதம் போனது, பாரக் குழுவில் 2 சதவீதம், இரண்டும் செய்த குழுவில் 3 சதவீதம். இடுப்பெலும்பின் அடர்த்தியும் நடைக் குழுவில்தான் கூடுதலாகக் குறைந்தது. உடம்பை எவ்வளவு நன்றாக இயக்க முடிகிறது என்று சோதித்தபோது, இரண்டும் செய்தவர்களே முன்னால் நின்றார்கள்.

தராசு மூன்று குழுவுக்கும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கிறது, பாருங்கள். உங்கள் அம்மாவின் கொப்பியும் அதைத்தான் காட்டியது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென்னாசியர்களுக்கு அதே பிஎம்ஐயில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கில்) வெள்ளைக்காரரைவிடத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு கூடுதல். அதனால்தான் ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எழுதினார்கள். அதோடு, தோட்டங்களில் குறைந்த எடையோடு பிறந்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். இலங்கையின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம் அளவில் இருந்தார்கள். குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் ஒரு பெரிய பங்கைத் தசை வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே குறைவாக உள்ள தசையையும் பட்டினி போட்டு இழந்துவிட்டால் அந்தச் சீனி எங்கே போகும்?

மஸ்கெலியா, கொழுந்து பறிப்பவர்

மிஸ், ஒன்று கேட்கிறேன். நாங்கள் தினமும் பாரம் தூக்குகிறோம். பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடுவார்கள். அதை முதுகில் சுமந்துதான் நிறுக்கும் இடத்துக்கு வருகிறோம். எங்களுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்றா சொல்கிறீர்கள்? எனக்கு வயிறு மட்டும் வைத்திருக்கிறது, தோள் இரவெல்லாம் வலிக்கிறது.

பண்டாரவளை, தாதி

இல்லை அக்கா, உங்களுக்கு இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்க எனக்கு மனசு வராது. உங்கள் காலுக்கு மலையே பயிற்சி. ஆனால் பறிக்கும் வேலை தோளுக்கும் விரலுக்கும் ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது. தசை வளர வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் பாரம் வேண்டும், பிறகு ஓய்வும் புரதமும் வேண்டும். உங்களுக்குக் கிடைக்காதது அந்தக் கடைசி இரண்டும்தான். முதலில் இரத்தம் சோதித்துப் பாருங்கள், நம் பெண்களிடம் இரத்தக் குறைவு அதிகம். ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு முட்டையோ கெட்டிப் பருப்போ வையுங்கள். தோள்வலியை டொக்டரிடம் தனியாகக் காட்டுங்கள். வேலையை விட்ட பிறகுதான் நீங்கள் பயிற்சியைத் தேடிப் போக வேண்டும். அதுவரை உடம்பைத் தேய விடாமல் பாருங்கள்.

டிக்கோயா, படிக்கும் பையன்

பரீட்சை முடிந்து வீட்டிலிருந்தபோது சோறே தொடாமல் இளைத்தேன். பிறகு சீசனில் நண்பர்களோடு நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போனேன். 2,243 மீட்டர். உடம்பு லேசாக இருந்ததால் ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் தொடை வெடவெடவென்று நடுங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். முந்தைய வருடம் குண்டாக இருந்தபோதுகூட ஓடி இறங்கியவன் நான்.

பண்டாரவளை, தாதி

இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, தம்பி. தசைக்கு அதுதான் கடினமான வேலை. சோறே தொடாமல் இருக்காதே.

நானுஓயா, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்

லயத்தில் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே அறையான காம்பராவில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஜிம் பேச்சு யாருக்கும் உதவாது. நான் செய்வது இதுதான். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உள்ள கதிரையில் உட்கார்ந்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்புவேன், மெதுவாக உட்காருவேன். சுவரில் கை ஊன்றித் தள்ளுவேன். அது சுலபமானதும் தண்ணீர்த் தொட்டியின் கட்டில் கையை ஊன்றிச் செய்தேன். பீலியில் தண்ணீர் நிரப்பின ஐந்து லீட்டர் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோ, அதைக் குனிந்து முதுகை நேராக வைத்து விலாப் பக்கம் இழுப்பேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் கிடையாது. கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் கேனை மாற்ற வேண்டும்.

ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களில் இரண்டு அக்காமாரே கேனோடு வந்து நின்றார்கள். மழை நாளில் நடக்கப் போக முடியாத இந்த ஊரில் இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டில் நெத்தலி, பருப்பு, அவித்த கடலை, சோயா மீட். இறைச்சி வாங்கக் காசில்லை என்பவர்கள் சோயா மீட்டை மறக்காதீர்கள், ஊறவைக்காத 100 கிராமில் பாதியளவு புரதம்தான். என்னுடைய எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. இடுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது.

கொட்டகலை, ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு கதிரைப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். முதலில் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், இப்போது ஒரு கை போதும் என்கிறார். கறியைக் குறைக்கச் சொன்னது யாருமில்லை, அவராகச் செய்தது. அதனால் பருப்பும் முட்டையும் திரும்பத் தட்டுக்கு வந்துவிட்டன. ரொட்டி ஒன்றோடு நிற்கிறது. ஸ்டாஃப் ரூமிலும் இனி இரண்டு கட்சியிடமும் எண் இறங்க சாப்பாடு, கால் நிற்க பாரம் என்று சொல்லப் போகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்று இரண்டையும்தான் கேட்கிறது.

மிஸ், அம்மா சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

பண்டாரவளை, தாதி

வெறும் வயிற்றில் செய்ய விடாதீர்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, எழும்பும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன் டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது எடையோடு இடுப்புச் சுற்றளவையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருந்தால் நல்லது.

ஹட்டன் அண்ணன், நீங்களும் ஒருநாள் கதிரையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு எழும்பிப் பாருங்கள். சுலபமாக எழும்பினால் நடையோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஷ்டமாக இருந்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன், ஆட்டோ ஓட்டுநர்

பார்த்தேன் மிஸ். எழும்பினேன், முழங்கால் கொஞ்சம் சத்தம் போட்டது, வலி இல்லை. ஸ்டாண்டில் பெஞ்ச் இருக்கிறது, ஹயர் வராத நேரத்தில் அதிலேயே செய்கிறேன்.