வேன் டீக்கடை வரைக்கும்தான் வரும்

இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஜி.எஸ்.டி. சாலைக்கு (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) உள்ளே:

2021இல் புதுமனை புகுந்தோம். விற்றவர் கொடுத்த படத்தில் 30 அடி ரோடு, பூங்கா, ஓரமாக பிரௌன் கலரில் ‘பள்ளி’ என்று ஒரு கட்டம். அப்ரூவல் உள்ள லேஅவுட். பேங்க் லோனும் சிரமமில்லாமல் கிடைத்தது. அதற்கு மேல் என்ன பார்ப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் தெரிந்தது. லேஅவுட்டுக்குள் ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்ச்சைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் போகும் 400 மீட்டரில்தான் வினை. டிப்பர் லாரிகள் ஓடி ஓடி, நடுவில் மாட்டின் முதுகு மாதிரி மேடு, இரண்டு பக்கமும் சக்கரத் தடத்தில் தண்ணீர். ஒரு நாள் ஸ்கூல் வேன் சிக்கி, ஜே.சி.பி. வைத்து இழுத்தார்கள். “அக்கா, இனிமே டீக்கடை வரைக்கும்தான் வருவேன். வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா ஓனர் என் சம்பளத்துலதான் பிடிப்பாரு” என்று சொல்லிவிட்டார் வேன் அண்ணா. அவரையும் குறை சொல்ல முடியாது.

மழைக்காலம் வந்தால் காலை 7.10க்கு எங்கள் தெருவில் ஊர்வலம்தான். பிள்ளைகள் காலில் ரப்பர் செருப்பு, அம்மாக்கள் கையில் கேரி பேக், அதற்குள் ஷூவும் சாக்ஸும். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் துடைத்து, ஷூ மாட்டி ஏற்றி விடுவோம். டீக்கடைக்காரர் இதற்கென்றே ஒரு பழைய துண்டை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

அந்தக் கட்டத்தில் பள்ளியும் வரவில்லை, பக்கத்தில் பள்ளியும் இல்லை. ரோட்டைப் பற்றிப் பஞ்சாயத்தில் கேட்டால் “அது எங்க ரோடு இல்லம்மா” என்கிறார்கள். மனை போட்டவரைக் கேட்டால் “எல்லாத்தையும் ஒப்படைச்சாச்சு மேடம்” என்கிறார். இரண்டு பேரில் யார் பொய் சொல்வது? யாருக்காவது இப்படி நடந்து, கடைசியில் ரோடு கிடைத்திருக்கிறதா?

ஏரிக்கரை லேஅவுட்காரர்:

இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம் மேடம், அதுதான் கூத்து. லேஅவுட்டுக்கு இறுதி அனுமதி வாங்கும் முன், உள்ளே போகும் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்கா இடமும் அப்படியே. இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே விட வேண்டும், ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு என்பார்கள். ஆக, அவர் ஒப்படைத்தது நிஜம். ஆனால் அது ஆர்ச்சுக்கு உள்ளே. வெளியே இருப்பது பழைய வண்டிப்பாதையாக இருக்கும், இல்லையென்றால் பாதி யாரோ ஒருவர் பட்டாவில் கிடக்கும்.

எங்களுக்கும் இதே கதைதான். மனை வாங்கும்போது மனைக்கு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தோம், ரோட்டுக்கு யார் பார்த்தார்கள்? மூன்று வருஷம் கழித்து நான் பார்த்தேன். பாதை போகும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் ஒவ்வொன்றுக்கும் வில்லங்கம் போட்டேன். ஏழு எண்களில் ஐந்தில் தானப் பத்திரம் வந்தது. இரண்டில் இல்லை. பள்ளம் எல்லாம் சரியாக அந்த இரண்டில்தான்!

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனோம். 200 மனையில் ஒன்பது பேர். அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், “உங்க ஓட்டு எந்த ஊர்ல சார்?” எனக்குத் திருநெல்வேலி, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆரணி. எங்களில் ஒருத்தர் பெயரும் அந்த வாக்காளர் பட்டியலில் இல்லை. வீட்டு வரி இங்கே, ஓட்டு அங்கே என்றால் யார் மதிப்பார்கள்? அன்று பட்ட அவமானம்தான் வேலை செய்தது. வாசல் வாசலாக அலைந்து, படிவம் 8 நிரப்பி, அறுபது பேருக்கு மேல் ஓட்டை மாற்றினோம். அடுத்த மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். பட்டாக்காரர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் விலை கேட்கிறார். முக்கால்வாசி தூரத்துக்கு சிமென்ட் ரோடு, மீதிக்கு நாங்களே கைக்காசு போட்டு கட்டிட இடிபாட்டைக் கொட்டி மட்டம் செய்திருக்கிறோம். அதுவும் ஒரு மழைதான் தாங்கும்.

2009இல் குடிவந்தவர்:

அந்த பிரௌன் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் லேஅவுட்டிலும் ஒன்று இருந்தது. பூங்கா இடம் பஞ்சாயத்துக்குப் போய்விட்டது, பள்ளி இடம் மனை போட்டவர் பெயரிலேயே இருந்தது. ‘பள்ளி வரும்’ என்று அந்தப் படம் சொல்லவே இல்லை, பள்ளிக்காக ஒதுக்கியது என்றுதான் சொன்னது. வாங்கிக் கட்ட ஆள் வரவில்லை. சீமைக்கருவேலம் மண்டியது, பையன்கள் வெட்டி கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு அதை வீட்டு மனையாக மாற்ற மனு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். இன்னும் கிரிக்கெட்தான் நடக்கிறது. என் பெண் இதற்குள் காலேஜ் முடித்துவிட்டாள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி டீச்சர், வேறு ஊர்:

சட்டம் என்று பார்த்தால் 1 கி.மீ.க்குள் தொடக்கப் பள்ளி, 3 கி.மீ.க்குள் நடுநிலைப் பள்ளி இருக்க வேண்டும். உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கும், எங்கள் பள்ளி மாதிரி. ஆனால் நீங்கள் சொல்லும் ‘பள்ளி இல்லை’யில் நாங்கள் கணக்கில் வருவதில்லை, பரவாயில்லை.

உங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் வரவில்லை. அடுக்குமாடி வாட்ச்மேனின் பிள்ளை வருகிறான், பக்கத்து சைட்டில் கம்பி கட்டுகிறவரின் பெண் வருகிறாள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குட்டிப் பெண் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை ‘சாம்பார்’, காலை உணவுத் திட்டத்தின் புண்ணியம். பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான் கணக்கு. கட்டிடம் முடிந்ததும் ஒரே வாரத்தில் பத்துப் பிள்ளைகள் காணாமல் போவார்கள், அடுத்த சைட் தொடங்கினால் வேறு பத்துப் பேர் வருவார்கள். நீங்கள் சொல்வது மாதிரியான சேற்றுப் பாதையில்தான் இவர்களும் வருகிறார்கள், வேன் கிடையாது. ரோட்டுக்கு மனு எழுதும்போது, அந்த வழியில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்துக் கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

டீச்சர், மன்னிச்சுக்கோங்க. உண்மையாகவே எங்கள் டீக்கடைக்குப் பின்னால் ஒரு ஒன்றியப் பள்ளி இருக்கிறது. நாலு வருஷமாக அந்தக் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்றுதான் வேனுக்குக் காத்திருக்கிறேன், ஒரு தடவையும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

ஏரிக்கரை சார், நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி வில்லங்கம் போட்டோம். ஐந்து சர்வே எண்களில் மூன்றுக்குத் தானப் பத்திரம் இருக்கிறது. மீதி இரண்டில் ஒன்று யார் பெயரில் தெரியுமா? டீக்கடைக்காரரின் பெரியப்பா. இன்று காலையில் துண்டை எடுத்துக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். “பெரியப்பா தவறி எட்டு வருஷம் ஆச்சும்மா. பங்காளிங்க ஆறு பேரு” என்றார். ஞாயிற்றுக்கிழமை அதில் மூத்தவர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாராம். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டு இன்னும் கும்பகோணத்தில் இருக்கிறது, முதலில் அதை மாற்றச் சொல்ல வேண்டும்.