ஆர்சி10 தங்க நிறச் சேசிஸ்: அனோடைஸை உரித்து மறுபடி நிறமேற்ற முடியுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_பகி
வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் அசோசியேட்டட் ஆர்சி10 ரிமோட் கார் இருக்கு, ஆரம்பகாலத் தங்க நிற அலுமினியச் சேசிஸ் (அடிச்சட்டம்). அடியில் முழுக்கக் கீறல், மேலே வெயிலில் வெளுத்திருக்கு. ஷாக் (அதிர்வுதாங்கி) நான்கும் அப்படித்தான். காஸ்டிக் சோடாவில் உரித்து, பேட்டரி அமிலத்தில் மின்சாரம் விட்டு நானே அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து, அதில் சாயம் ஏற்றுவது) செய்யலாமா? 5 ஆம்பியர் பவர் சப்ளை இருக்கு. அடுக்குமாடி வீடு, பால்கனி மட்டும்தான்.

பிறை_லேத்
ஷாக்கைத் தொடாதீங்க தம்பி. காஸ்டிக் படலத்தோடு நிற்காது, அடியில் உள்ள அலுமினியத்தையும் தின்னும். உள்துளை கொஞ்சம் அகன்றாலும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் ஓடும், அதிர்வை அடக்கும் டேம்பிங் போச்சு.

சேசிஸை உரிக்கலாம். திருகு, புஷ், எல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்க. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக். தண்ணீரில்தான் சோடாவைப் போடணும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். முதலில் நிறம் கரையும், கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், பிறகு திடீரென்று நுரை பொங்கும். நுரை வந்தாலே படலம் போய், வெறும் உலோகம் கரையுது என்று அர்த்தம். அந்த நொடியே எடுத்துக் கழுவுங்க.

மேலே கையில் ஒட்டும் கரி படியும். கலவையில் உள்ள செம்பும் சிலிக்கானும்தான் அது. தேய்த்தால் பெரும்பாலும் போகும். மிச்சம் இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். பட்டறைகளில் நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுப்பாங்க.

கீறலுக்கு 400, 600, 1000 என்று ஈரத்தில் தேய்க்கணும். அனோடைஸ் கீறலை மூடாது, எடுத்துக்காட்டும். சேசிஸில் 'ஏ' முத்திரை (ஆரம்பகாலத் தயாரிப்பின் அடையாளம்) இருந்தால் அந்த இடத்தில் சாண்ட்பேப்பரே வைக்காதீங்க. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தாமான்_டிராக்
உரிப்பது சரி. அனோடைஸ் தொட்டி வேலை பால்கனியில் வேண்டாம். கணக்கு இதுதான்: மேற்பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 1.2 முதல் 1.5 ஆம்பியர். அந்தச் சேசிஸ் இரண்டு பக்கமும் சேர்த்துத் தோராயமாக 10 சதுர டெசிமீட்டர், அதாவது 12 ஆம்பியருக்குக் குறையாது. 5 ஆம்பியரில் படலம் மெல்லிசாக நின்றுவிடும், சாயம் பிடிக்காது. தவிர அமிலம் 20 டிகிரியில் இருக்கணும். நம்ம ஊரில் அறையே 30. மின்சாரம் ஓடினால் இன்னும் ஏறும். சூட்டில் வளரும் படலம் மாவு மாதிரி, விரலால் தேய்த்தாலே உதிரும். ஐஸ் பைகளை வைத்து ஒரு மணி நேரம் சமாளிப்பது பெரும்பாடு. கேத்தோடில் (எதிர்மின் முனையில்) ஹைட்ரஜன் வேற வரும்.

சின்ன பிராக்கெட் என்றால் உங்க சப்ளையே போதும். 5க்கு 4 சென்டிமீட்டர் தகடு, இரு பக்கமும் 0.4 சதுர டெசிமீட்டர், அரை ஆம்பியர். தொங்கவிட அலுமினியக் கம்பி மட்டும். செம்புக் கம்பி அமிலத்தில் நனைந்தால் அதுவே கரைந்து மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பகி
அப்போ பட்டறையில் கொடுத்தால் என்ன சொல்லணும்?

பிறை_லேத்
சல்பூரிக் அனோடைஸ், 10 முதல் 12 மைக்ரான். "எட்ச் வேண்டாம்" என்று எழுதியே கொடுங்க. இல்லேன்னா அவங்க காஸ்டிக்கில் முக்கி, நீங்க போட்ட பாலிஷை மங்கலாக்கிடுவாங்க. தங்க நிறத்துக்கு ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட் இருக்கான்னு கேளுங்க. படலத்தின் நுண்துளைகளில் இரும்புச் சேர்மம் படிவதால் வெயிலுக்கு வெளுக்காது. ஆர்கானிக் சாயத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மின்சாரம் கொடுக்கும் கிளிப் பிடிக்கும் இடத்தில் நிறமில்லாத புள்ளி நிச்சயம் விழும். பேட்டரி ஸ்ட்ராப்புக்கு அடியில் மறையும் துளை ஒன்றை மார்க்கரால் காட்டிட்டு வந்துடுங்க.