பயிற்சிக் கூடப் பணம்: தையல் மெஷினுக்கு முன்னால் ஃபைபர் கொட்டகை

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம், தோத்திரம்.

நம்மூர்ப் பிள்ளைகளின் தொழில் பயிற்சிக்குச் சங்கம் போடுகிற பணத்தை எதில் போடலாம் என்று போன வாரம் வந்த மடல்கள் எல்லாம் படித்தாச்சு. துபாய்க்காரர்கள் தையல் மெஷின் என்கிறார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் கம்ப்யூட்டர் சென்டர் என்கிறார்கள், கோலாலம்பூர் அண்ணன்மார் டிரைவிங் லைசென்ஸ் செலவை ஏற்கிறோம் என்கிறார்கள். எல்லாம் நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் பணம் ஒரு தடவைதான் வரும். அது எங்கே போனால் நம்மூரிலேயே வேலையாக நிற்கும் என்று பார்த்து, பயிற்சிக் குழு சார்பில் இதை எழுதுகிறோம். எங்கள் யோசனை: ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கப் பழக்குகிற ஒரு கொட்டகை.

இலங்கைச் சண்டையால் அடிபட்ட பகுதி என்றால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றுதான் எல்லாருக்கும் வாயில் வரும். தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை நம்ம கரையும் அதே கணக்கில் சேர்ந்ததுதான். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களில் கடலுக்கு நடுவே எல்லைக் கோடு விழுந்தது. போர்க்காலத்தில் அந்தக் கரைத் தமிழ் மீனவர்களைக் கடலில் இறங்க விடாமல் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தடுத்தன. அந்த வருஷங்களில் நம்ம விசைப்படகுகள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இழுத்துப் பழகின. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பக் கடலுக்கு வந்தார்கள். நம்ம விசைப்படகு கடலடியில் இழுக்கிற இழுவை மடி வலை அவர்களுடைய வலையை அறுத்தது, தரையையும் சுரண்டியது. 2017-ல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. 2018-ல் அந்நியப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. இன்றைக்குப் படகு பிடிபட்டால் உரிமையாளருக்கு முதல் போச்சு. அதில் போன நாலைந்து பையன்களுக்கு அன்றாடக் கூலி போச்சு. முதலாளிக்காவது ஏதோ நிவாரணம் பேசுகிறார்கள். கூலிக்குப் போனவனைப் பற்றிப் பேச்சு குறைவு. நம்ம பணம் அவனுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஆழ்கடலுக்குப் போகச் சொல்லலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 2017-ல் வந்த திட்டம் அதுதான். படகு ஒன்றுக்கு 80 லட்சம்: மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, பயனாளி 10, மீதி 20 வங்கிக் கடன். 2000 இழுவைப் படகுகளை மாற்றுவது இலக்கு. எட்டியது அதில் சின்னப் பங்குதான். காரணம் பணம் மட்டும் இல்லை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சூரைக்குத் தூண்டில் போட மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கி வெகுதூரம் ஓடவேண்டும். அதற்குக் குந்துகாலும் மூக்கையூரும் இருக்கின்றன, சரி. ஆனால் சாயங்காலம் போய்க் காலையில் திரும்பிப் பழகின ஆளுக்கு வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற வேலை வேறு தொழில். ஆயிரம் தூண்டிலைச் சிக்காமல் விட்டு வாங்குவது, பிடித்த உடனே சூரையின் ரத்தத்தை வடித்து ஐஸில் வைப்பது, இதெல்லாம் கை படிய மாசக்கணக்கு ஆகும். படகு கொடுத்த அளவுக்கு ஆள் தயாராகவில்லை. கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் உள்ள சிஃப்நெட் என்கிற மத்திய அரசு மீன்வளப் பயிற்சி நிறுவனத்தில் 2 வருஷ மரைன் ஃபிட்டர் (படகு எஞ்சின் வேலை) படிப்பு இருக்கிறது. பத்தாவது பாஸ் பண்ணின பையன் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். எட்டாவதோடு நின்றவன்தான் நம்மூரில் அதிகம்.

அந்தக் கரையில் நடந்ததையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம், பாடம் இலவசம். போருக்குப் பிறகு வடக்கில் தையல், அழகுக்கலை, தச்சு, மேசன் என்று வகுப்பு மேல் வகுப்பாக நடந்தது. புனர்வாழ்வு முகாம்களில் இருந்த சுமார் 12,000 முன்னாள் போராளிகளுக்கும் இதே மாதிரிப் பட்டியல்தான். மேசன் வேலைக்குக் கிராக்கி இருந்தது, ஏனென்றால் இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளை உரிமையாளரே ஆள் வைத்துக் கட்டினார், வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணையாக வந்தது. வேலை இருந்தது, பயிற்சிக்கும் பொருள் இருந்தது. தையலில் அது இல்லை. ஒரு தெருவில் பத்து மெஷின் வந்தால் தைக்க வருகிற துணி பத்து மடங்கு ஆகாது. கருவி இல்லாமல் சான்றிதழ் மட்டும் வாங்கினவர்கள் நுண்கடனில் விழுந்த கதையும் அங்கே உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் உதவியோடு தொடங்கின பயிற்சி நிலையம் வேறு ரகம்: பட்டறை பெரிசு, கருவி முழுசு, வாகனம், மின்சாரம், இயந்திரம் என்று கூலி கிடைக்கிற பாடங்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கரையில் கிடக்கிற வள்ளங்களை எண்ணிப் பாருங்கள். மரம் போய் எல்லாம் ஃபைபர். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேலைக்கு வரும்: மணலில் இழுத்து இழுத்து அடி தேயும், முனை மோதி உடையும், எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உள்ளே ஊறும். ஒட்டத் தெரிந்த ஆள் நாலு ஊருக்கு ஒருவர். அவரும் ஒட்டுவது பெரும்பாலும் மேலே ஒரு பூச்சுதான். ஆறு மாசத்தில் உரிந்துவிடும்.

ஏன் உரிகிறது என்பதில்தான் பாடம் முழுக்க இருக்கிறது. உடைந்த இடத்தை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுக்கவேண்டும், பிறகு இரண்டு மூன்று நாள் காய விடவேண்டும். இதைப் பொறுக்கமாட்டாமல் சாயங்காலமே ஒட்டுவதுதான் முதல் தப்பு. அடுத்தது சரிவு. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள அடி என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து நாலு பக்கமும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்கவேண்டும், தடிப்புக்கு 12 மடங்கு என்பது கணக்கு. சரிவு இல்லாமல் நேராக வெட்டி மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்தால் ஒட்டு விளிம்பில் மட்டும்தான் பிடிக்கும், அலை அடிக்க அடிக்கத் தெறித்துவிடும். தேய்த்த தூசைத் தட்டி அசிட்டோனால் துடைத்த பிறகு அங்கே கை படக்கூடாது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஆக, 6 மில்லிக்கு 6 அடுக்கு. மேட் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின், அதாவது மேட்டை ஊறவைத்து ஒட்டுகிற பிசின். ஒரு சதுர மீட்டரில் 6 அடுக்கு என்றால் மேட் 2.7 கிலோ, ரெசின் ஆறே முக்கால் கிலோ. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற இடத்துக்கு நீரைத் தாங்குகிற ஐசோ ரெசின் வாங்கவேண்டும். விலை குறைவு என்று சாதா ரெசின் போட்டால் நாள்பட நீர் இறங்கிக் கொப்புளம் கட்டும். ஆறு அடுக்கையும் ஒரே மூச்சில் போடக்கூடாது. மூன்று போட்டு, சூடு தணிய விட்டு, மறுபடி மூன்று. ரோலர் உருட்டும்போது மேட் வெள்ளையாகத் தெரிகிற இடம் ரெசின் குடிக்காத இடம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய ஆரம்பித்தால்தான் ஊறியிருக்கிறது.

கடைக்காரர் இரண்டு பாட்டில் கொடுப்பார், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஒன்று, ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் ஒன்று. இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் வருகிறது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம்ம சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகிவிடுகிறதே என்று 5 கிராம் விடுகிறவர்கள் உண்டு. அது கடைசி வரை முழுசாக இறுகாது; ஒரு மாசம் ஆனாலும் பிசுபிசுப்பும் ரெசின் வாடையும் போகாது. அளவைக் குறைக்காதே, நேரத்தை மாற்று என்பதுதான் வழி. காலை ஒன்பதுக்குள், இல்லாவிட்டால் வெயில் இறங்கினபின். ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்கக்கூடாது. வாளி நிறையக் கலக்கினால் வாளியிலேயே புகைந்து கட்டியாகிவிடும். வாடைக்காற்று மாசங்களில் எதிர்ப்பக்கத் தொல்லை: மேட் ஈரம் குடித்து, ஒட்டு பால் மாதிரி வெளுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையில் கட்டி உயரத்தில் வைத்தால் தப்பிக்கும்.

பின்பலகை தனி வேலை. உள்ளே பிளைவுட் இருக்கும். எஞ்சினுக்குப் போல்ட் துளை போட்டவர் துளைக்குள் ரெசின் பூசாமல் விட்டிருப்பார், தண்ணீர் அந்த வழியாக இறங்கி உள்ளே அழுகும். வெளியே ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீர் என்கும், அழுகின இடம் தொப் என்கும். முதல் வாரம் பையன்கள் வேறொன்றும் செய்யவேண்டாம், தட்டிக் கேட்டுப் பழகட்டும்.

எஞ்சின் பாடம் இதோடு ஒட்டினது, நீட்டாமல் சொல்லிவிடுகிறோம். சேறும் மணலும் கலங்கின நம்ம கடலில் அவுட்போர்டின் (வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின்) தண்ணீர்ப் பம்பில் உள்ள ரப்பர் சக்கரம்தான் முதலில் போகும். தண்ணீர் பீச்சுவது மெலிந்தால் அடையாளம் அதுதான். புதுச் சக்கரம் மாட்டினால் மட்டும் போதாது. உடைந்த ரப்பர் இதழ்களை எண்ணி எடுக்கவேண்டும். ஒரு துண்டு உள்ளே போய் அடைத்தாலும் எஞ்சின் மறுபடி சூடேறும், பழி புதுச் சாமான் மேல் விழும்.

பெண்களுக்கு என்ன என்ற கேள்விக்கு எங்கள் பதில் பாசி வளர்ப்பு, பாக் விரிகுடாப் பக்கம் மட்டும். தேசியப் பூங்காத் தீவுகள் இருக்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் கூடாது. குருசடைத் தீவில் 2008-ல், நாம் வளர்க்கிற இதே கப்பாபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்தது பதிவான விஷயம். 12-க்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, 60 கிலோ விதைப்பாசி, அடியில் வலை. வலை இல்லையென்றால் ஓரா மீன் மேய்ந்துவிடும். 45 நாளில் நன்றாக வந்தால் 240 கிலோ வரை. அதில் 60 மறுபடி விதைக்கு. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. ஒரு ஆளுக்கு 45 மிதவை என்றால் தினம் ஒன்று அறுக்கலாம். 2020-ல் வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் மிதவைக்கு 1500 ரூபாய் அலகுச் செலவு வைத்து, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வைத்தார்கள். அந்த மாதிரி மானியம் கிடைத்தால் மிதவைக்கு நம்ம பணம் பெரிசாகத் தேவையில்லை. கோடைச் சூட்டில் தண்டு வெளுத்து விதையே அழிந்து, அடுத்த பருவத்தில் விதைக்கு அலைவதுதான் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. பணம் போடுவதானால் விதையைக் கோடை தாண்டிக் காப்பாற்றுவதற்குப் போடலாம்.

கொட்டகைக் கணக்கு இப்படி. முதல் அணி 12 பேர். ஆளுக்கு 60-க்கு 60 சென்டிமீட்டரில் நாலடுக்குப் பலகை மூன்று போட்டுப் பழக, மொத்தம் மேட் 24 கிலோ, ரெசின் 60 கிலோ, கேட்டலிஸ்ட் ஒரு லிட்டருக்குள். மலிவு என்று ரெசினை முழு டிரமாக வாங்கவேண்டாம். தகரக் கொட்டகைச் சூட்டில் பாதி தானாகவே கட்டியாகிவிடும். பிறகு இரண்டு பழைய வள்ளத்தை முழுசாக எடுத்துக் கட்டவேண்டும். தூசுக்கும் ரெசின் ஆவிக்கும் துணி கட்டினால் போதாது, ஆவியை வடிகட்டுகிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆளுக்கு ஒன்று. தை மாசம் தொடங்கினால் ஏப்ரல் 15-க்குக் கை தேறியிருக்கும். அன்றைக்குத்தான் விசைப்படகுகளின் 61 நாள் தடைக்காலம் தொடங்கும், படகெல்லாம் கரையேறும், ஒட்டு வேலைக்கு ஆள் தேடுவார்கள். மற்ற மாசங்களில் வள்ளம் கரையில் கிடக்கிற நாள் பார்த்து வேலை. முடிக்கிறவனுக்குச் சான்றிதழோடு கிரைண்டர், ரோலர், தராசு மூன்றும் கையில் கொடுக்கவேண்டும். தராசு முக்கியம், கண் அளவில் கேட்டலிஸ்ட் விடுகிற பழக்கம் முளையிலேயே போகும்.

பன்னிரண்டில் மூன்று இடம் மண்டபத்தில் இலங்கை அகதிகள் இருக்கிற மறுவாழ்வு முகாம் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நாளைக்கு அவர்கள் மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பினால் நம்ம சான்றிதழுக்கு அங்கே தானாக மதிப்பு வந்துவிடாது. ஆனால் அந்த நாட்டுத் தொழில் தகுதி முறையில், முன்பே தெரிந்த வேலையைச் செய்துகாட்டிச் சான்று வாங்க வழி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் தேதி, அளவு, முன்னே பின்னே படம் ஒட்டின நோட்டு ஒன்று முதல் நாளிலிருந்தே எழுதவேண்டும்.

இடம் விஷயம்: கரையோரத்தில் புதுசாகக் கட்டடம் எழுப்பினால் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிக்கு அலையவேண்டி வரும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பழைய ஐஸ் கொட்டகையை வாடகைக்குக் கேட்டிருக்கிறோம். மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை, ஆவி வெளியேற இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கவேண்டும். அதற்குச் சம்மதமா இல்லையா என்று கிளைக்கு ஒருவராவது வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

பயிற்சிக் குழு