ஆங்கில வகுப்பில் மூலைச் சுழற்சி: உங்கள் அனுபவம் என்ன?

காசிமேடு ஆசிரியை:
பிள்ளைகள் குழு குழுவாக மூலைக்கு மூலை மாறிப் பயிலும்படி, 40 நிமிடப் பாடவேளையைக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு மூலைகளுக்குப் பத்துப் பத்து நிமிடமாகப் பங்கிட்டிருந்தேன். ஒரு மூலையிலிருந்து எழுந்து அடுத்ததில் அமரவும் நேரம் பிடிக்கும் என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வரவில்லை. ஜூன் மாதம் முழுவதும் ஆங்கிலத்தில் வாய் திறக்காத நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பேசும் மூலையில் மீன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "திஸ் நாட் சங்கரா மிஸ். சங்கரா ரெட். மை அப்பா..." என்று தொடங்கிய நொடியில் நான் கைமணியை அடித்துவிட்டேன். அவள் அட்டைகளை விளிம்பு சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு எழுதும் மூலைக்குப் போய்விட்டாள். மறுநாள் அதே படத்தைக் காட்டிக் கேட்டபோது, "ஃபிஷ் மிஸ்" என்றதோடு சரி.

வியாசர்பாடி ஆசிரியர்:
மணியை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. குழு பிரிப்பதில்தான் நான் தவறினேன். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்ற கற்றல் நிலைப்படியே சுழற்சிக்கும் பிரித்ததால், அரும்புக் குழு வந்தமர்ந்ததும் பேசும் மூலை ஊமையாகிவிடும். ஒரு நாள் ஒரு பையன், "சார், எல்லா மூலைக்கும் நாங்களேதான் ஒண்ணா போவோமா?" என்று கேட்டான். அன்று மாலையே குழுக்களைக் கலைத்துக் கலந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டை, பணி ஓய்வு:
கலந்துவிட்டால், பேசத் தெரிந்த பிள்ளையே எல்லார் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும், தம்பி. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பாட அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறியது. என் அனுபவம் சிறியது: கேட்கும் மூலையைச் சாலையோர ஜன்னலடியில் வைத்தேன், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு இரண்டு மூலைகள் போதும். தலா 18 நிமிடம், இடம் மாற 4 நிமிடம். மற்ற இரண்டும் மறுநாள். மணிக்குப் பதிலாக, முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கையை உயர்த்திக் காட்டுங்கள். பேசும் மூலையில் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கொட்டை தீர்ந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். கேட்டலைப் பேச்சுக்கு முன்னால் வையுங்கள். விளையாடும் பந்தின் ஆங்கிலப் பெயரையும் குடிக்கும் பாலையும் தமிழில் 'பால்' என்றே எழுதுகிறோம். அந்த ஒலி வேறுபாடு காதில் விழாத பிள்ளையிடம் உச்சரிப்பைத் திருத்திப் பயனில்லை.

காசிமேடு ஆசிரியை:
ஐயா, இரண்டு மூலை யோசனையைத் திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். அந்தச் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு ஆங்கிலம் எடுப்பது நான் இல்லை.