மறு: ‘ரோஹேமர்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை வகுப்பு. கணினி நினைவகத்தில் ஒரு நிரையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பக்கத்து நிரையைக் கெடுக்கும் தாக்குதல்தான் ‘ரோஹேமர்’ (row நிரை, hammer சுத்தியல்). அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன், பலகையில் எழுத இன்னும் சொல் கிடைத்தபாடில்லை.

> சுத்தியல் வேண்டாம். சங்கப் பாட்டில் கொல்லன் ஓங்குவது கூடம். ‘நிரைக்கூடம்’ என்பதே நம் சொல்.

ஐயா, கூடம் என்றால் சம்மட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் என் மாணவர்களுக்குக் கூடம் என்றால் பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம். சொல்லை விளக்கவே அரை மணி போய்விடும். நிரை இருக்கட்டும், அணிக் (matrix) கணக்கில் நிரையும் நிரலும் படித்தவர்கள்தான். வெட்சித் திணையில் கவர்வதும் பக்கத்து நாட்டு (ஆ)நிரையைத்தானே என்று இங்கே ஓர் அம்மா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன்.

அந்தப் ‘பக்கத்து’ என்பதில்தான் என் கவலை. நினைவகச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசியும் என்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அதற்குள் ஒரே நிரையை லட்சக்கணக்கான முறை திறந்து மூடினால், அடுத்த நிரையில் கசிவு கூடி 1 இருந்த இடத்தில் 0 வந்துவிடும். 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்டெல்காரர்களோடு சேர்ந்து 129 நினைவகப் பலகைகளைச் சோதித்தார்கள், 110-இல் பிழை. மறு ஆண்டே கூகுள் ஆய்வாளர்கள் இதே வழியில் லினக்ஸ் இயங்குதளக் கருவகத்தின் (kernel) அதிகாரத்தைக் கைப்பற்றிக் காட்டினார்கள். ஓட்டை மென்பொருளில் இல்லை, சில்லின் நெருக்கத்தில் இருக்கிறது.

போன வாரம் பலகையில் மூன்று கோடு போட்டு நடுக்கோட்டைச் சாக்பீஸால் தட்டிக் காட்டினேன். “தட்டினது நடுவுல, கெட்டது ஏன் பக்கத்துல?” என்று பின்வரிசைப் பெண் கேட்டாள். சொல் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுகூடப் பாதிதான் பொருந்துகிறது. இங்கே நகர்வது பக்கத்து வீட்டு அம்மி.

‘நிரையடி’க்கு மூன்று பேர் கைதூக்கியிருக்கிறீர்கள். சுருக்கமான சொல்தான், ஆனால் அடிபட்ட நிரையே கெட்டதாக ஒலிக்கிறது. யாப்பு படித்தவர்களுக்குச் செய்யுளடியும் குறுக்கே வரும். என் பரிந்துரை ‘அண்டைநிரைச் சிதைவு’. நீளம் என்பீர்கள், சரி. ஒலிபெயர்ப்பே போதும் என்ற தம்பிக்கு: முதல் முறை அதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

புதன் இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் பெரும்பான்மைப்படி நிரையடியைத்தான் எழுதுவேன். அப்புறம் அதன் கீழே அண்டைநிரைச் சிதைவையும் எழுதுவேன்.